கலிஃபோர்னியாவில் கெர்ப் நிறம் பார்த்து வண்டி நிறுத்துவது எப்படி? முழு வழிகாட்டி

சென்னையிலும் மதுரையிலும் சாலையோரக் கல்லில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி அடித்திருப்பார்கள். சாலை எங்கே முடிகிறது என்று இரவில் கண்ணுக்குத் தெரிவதற்காக அடிப்பது அது. அங்கே வண்டி நிறுத்தலாமா கூடாதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படிப் பார்த்துப் பழகியவர்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்து, நடைபாதை விளிம்பில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, நீலம் என்று பார்த்தால் அதையும் கண்டுகொள்ளாமல் விட வாய்ப்பு அதிகம். இங்கே அந்த ஐந்து நிறங்களும் மாநில வாகனச் சட்டத்தின் 21458-ஆம் பிரிவில் இருப்பவை. சான் டியாகோவில் சிவப்புக்கு என்ன பொருளோ, ஃப்ரீமான்ட்டிலும் அதேதான். விளிம்பை இங்கே எல்லாரும் கெர்ப் என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஐந்து நிறங்களை மனப்பாடம் செய்வது பெரிய வேலை இல்லை. ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும் பார்க்கும் மாநிலத் துறையான டிஎம்வியின் எழுத்துத் தேர்வுக்கு எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். அப்புறமும் வைப்பருக்கு அடியில் டிக்கெட் (அபராதச் சீட்டு) வந்து உட்காருகிறது என்றால் அதற்கு இரண்டு காரணங்கள். நிறத்துக்குப் பொருள் சொல்வது மாநிலம். எத்தனை நிமிடம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று முடிவு செய்வது அந்தந்த ஊர். அடுத்தது, வண்டி நிறுத்தக் கூடாத பல இடங்களில் பெயின்ட்டே இருக்காது. இந்த வழிகாட்டியில் நிறங்களுக்கு எவ்வளவு இடம் தருகிறேனோ அதே அளவு நிறமில்லாத கெர்ப்புக்கும் தருவதற்கு அதுதான் காரணம்.

முதல் படி: "வண்டியிலேயேதான் இருந்தேன்" என்பதை மறந்துவிடுங்கள்

சட்டத்தில் வண்டியை நிறுத்துவது வேறு, பார்க் செய்வது வேறு. போக்குவரத்து நெரிசல், சிக்னல், போலீஸ் கைகாட்டுவது போன்ற காரணங்கள் இல்லாமல் சக்கரம் நின்றாலே அது நிறுத்துவது. ஆள் ஏற்றி இறக்கவோ சாமான் ஏற்றி இறக்கவோ தவிர, மற்றபடி வண்டி நின்றுகொண்டிருந்தால் அது பார்க்கிங். இரண்டு விளக்கத்திலும் "வண்டிக்குள் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

ஒருவர் கடைக்குள் ஓடிப்போய் கறிவேப்பிலையும் தயிரும் வாங்கி வர, இன்னொருவர் சிவப்பு கெர்ப்பில் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருப்பது இந்தியக் கடை வாசல்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி. இன்ஜின் ஓடுகிறது, ஆளும் இருக்கிறார், விளக்கும் மினுக்குகிறது. இதில் எதுவுமே அனுமதி ஆகாது. ஹசார்டு விளக்கு உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று டிக்கெட் எழுதுபவருக்குத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: நிறத்தைப் படியுங்கள்

சிவப்பு. நிற்கவே கூடாது, எந்த நேரத்திலும், ஒரு நிமிடம்கூட. பேருந்து நிறுத்தம் என்று குறித்த சிவப்பில் பேருந்து மட்டும் நிற்கலாம். வீட்டுக்குள் வண்டி போகும் வழியான டிரைவ்வேயின் இரண்டு பக்கமும் ஓரிரண்டு அடிக்கு மட்டும் சிவப்பு அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் வெளியே இருந்தாலும் பம்பர் அந்தத் துண்டுச் சிவப்பின் மேல் நீட்டிக்கொண்டிருந்தால் டிக்கெட் விழலாம். நெருக்கமான சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நிறுத்திய பிறகு இறங்கி முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக்காரர்கள் தாங்களாகவே வாளியும் பிரஷுமாக வந்து சிவப்பு அடித்துக்கொள்வதும் உண்டு. ஊரின் அனுமதி இல்லாமல் அப்படி அடிப்பது சட்டவிரோதம். அதற்காக அங்கே துணிந்து நிறுத்தலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். எது ஊர் அடித்தது, எது வீட்டுக்காரர் அடித்தது என்று இருட்டில் நின்று ஆராய்ச்சி செய்வதைவிட அடுத்த தெருவில் இடம் தேடுவது சுலபம்.

வெள்ளை. ஆள் ஏற்ற, இறக்க; பக்கத்தில் தபால் பெட்டி இருந்தால் கடிதம் போட. லாஸ் ஏஞ்சலஸில் இதற்கு 5 நிமிடம். வண்டியை விட்டு இறங்கி உள்ளே போய்விட்டு வருவதற்கான இடம் இல்லை இது. ஹோட்டல், மருத்துவமனை, பள்ளி, தியேட்டர் வாசல்களில் வெள்ளை இருக்கும். சில இடங்களில் அது குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே செல்லும். அந்த நேரம் கெர்ப் மேலேயோ பக்கத்துப் பலகையிலோ எழுதியிருக்கும். எதுவும் எழுதாவிட்டால் நாள் முழுவதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையோடு நமக்கு அதிகம் வேலை வருவது விமான நிலையத்தில். அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள், இமிக்ரேஷன் முடிந்து பெட்டி எடுத்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை வெள்ளை கெர்ப்பில் காத்திருக்க விடமாட்டார்கள். ஆளும் பெட்டியும் கண்ணெதிரே இருந்தால்தான் அங்கே நிற்கலாம். இதற்காகவே சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையங்களில் இலவசமான செல்போன் லாட் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்காமல் அங்கே உட்கார்ந்திருந்து, "வெளியே வந்துட்டோம்பா" என்று போன் வந்த பிறகு கிளம்பினால் போதும். ஊர் சிம் கார்டு இங்கே வேலை செய்யுமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

மஞ்சள். சாமான் ஏற்றி இறக்கும் இடம். ஐந்து நிறங்களில் ஊருக்கு ஊர் அதிகமாக மாறுவது இதுதான். மாநிலச் சட்டம் ஆளையும் ஏற்றி இறக்கலாம், சரக்கையும் ஏற்றி இறக்கலாம் என்கிறது. எவ்வளவு நேரம் என்பதை ஊருக்கு விட்டுவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் வணிக நம்பர் பிளேட் உள்ள வண்டிக்கு 30 நிமிடம், நம் கார் மாதிரி வண்டிக்கு 5 நிமிடம். அதுவும் திங்கள் முதல் சனி வரை, காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. வேறு பலகை இல்லாவிட்டால், மாலை 6 மணிக்கு மேல் அந்த மஞ்சளில் தாராளமாக நிறுத்திவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போகலாம். இது தெரியாமல் மஞ்சளைப் பார்த்ததும் பயந்து நாலு தெரு தள்ளி நிறுத்துபவர்கள் உண்டு. ஆனால் இதே கணக்கை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே மஞ்சள் என்றால், குறித்த நேரத்தில் வணிக வண்டிக்கு மட்டும். சோபா வாங்கி சொந்தக் காரில் ஏற்றுகிறேன் என்று சொன்னாலும் செல்லாது.

வாடகைக்கு எடுத்த ட்ரக்கில் வீடு மாறும்போதும் நேரக் கணக்கு அதேதான். ஏற்றுவதும் இறக்குவதும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். சாமானை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்கு மஞ்சளில் இடமில்லை.

பச்சை. கொஞ்ச நேரப் பார்க்கிங். ட்ரை கிளீனர், சலூன், பேக்கரி மாதிரிக் கடைகளின் முன்னால் இருக்கும். எத்தனை நிமிடம் என்று கெர்ப் மேலேயே அச்சு எழுத்தில் அடித்திருப்பார்கள், இல்லாவிட்டால் பலகையில் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடம். காலை 8 முதல் மாலை 6 வரை, ஞாயிறும் விடுமுறை நாளும் கணக்கில் இல்லை. பச்சை கெர்ப் பழையதாகும்போது நிறம் அப்படியே இருக்கும், டயர் உரசி எண் மட்டும் போயிருக்கும். எண் தெரியவில்லை என்பதற்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஆகிவிடாது. அப்படி இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்; டிக்கெட் வந்தால் முறையிடும்போது உதவும்.

நீலம். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். செல்லுபடியாகும் பிளக்கார்டோ (முன் கண்ணாடியில் மாட்டும் மாற்றுத்திறனாளி அனுமதி அட்டை) சிறப்பு நம்பர் பிளேட்டோ இருக்க வேண்டும். இல்லாமல் நிறுத்தினால் அபராதம் 250 டாலரில் ஆரம்பிக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால் 1,000 வரை போகும். நீல இடத்தின் பக்கத்தில் சாய்வாகக் கோடு கோடாகப் போட்டிருக்கும் கட்டத்தில் பிளக்கார்டு இருந்தாலும் நிறுத்தக் கூடாது. வேனின் பக்கவாட்டிலிருந்து சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இறங்குவதற்காக விட்ட இடம் அது. ஒரு கார் அங்கே நின்றுவிட்டால், நாற்காலியில் திரும்பி வருபவர் தன் வண்டிக்குள்ளேயே ஏற முடியாமல் வெளியே காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிளக்கார்டு பற்றிக் கொஞ்சம் விரிவாக

முழங்கால் வலியோ இதய நோயோ உள்ள பெற்றோர் கூட இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிளக்கார்டு ஆளுக்கு உரியது, காருக்கு அல்ல. அப்பாவின் பிளக்கார்டை அப்பா உட்கார்ந்திருக்கும் எந்தக் காரிலும் மாட்டலாம். அப்பா வீட்டில் தூங்கும்போது அதை மாட்டிக்கொண்டு மகன் காஸ்ட்கோ கடைக்குப் போனால் குற்றம்; அதற்கும் 250 முதல் 1,000 டாலர் வரை அபராதம் உண்டு, சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பிளக்கார்டு இருந்தால் நீலத்தில் நிறுத்தலாம். பச்சையில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. தெருவில் உள்ள மீட்டருக்குக் காசு போட வேண்டாம். குடியிருப்போர் பர்மிட் கேட்கும் தெருக்களிலும் நிறுத்தலாம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றிலும் பிளக்கார்டுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. தெருக் கூட்டும் நேரத்திலும் வண்டியை எடுத்தே ஆக வேண்டும்.

ஊரிலிருந்து சில மாதங்களுக்கு மட்டும் வந்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வெளி மாநில, வெளிநாட்டுப் பயணிகளுக்கு டிஎம்வி 90 நாள் வரை செல்லும் பயணப் பிளக்கார்டு தருகிறது. தற்காலிக உடல்நலக் குறைவுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், 180 நாள் வரை செல்லும் தற்காலிகப் பிளக்கார்டு உண்டு. அதற்கு 6 டாலர் கட்டணம். விண்ணப்பத்தின் பெயர் ரெக் 195. அதில் மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதியும் இருக்கிறது. வண்டி ஓடும்போது பிளக்கார்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடுங்கள், பார்வையை மறைக்கும்.

மூன்றாம் படி: கெர்ப்பிலிருந்து தலையைத் தூக்குங்கள்

நிறம் சரி என்று இறங்கிவிடாதீர்கள். வண்டிக்கு முன்னால் உள்ள கம்பம், பின்னால் உள்ள கம்பம் இரண்டையும் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஒரே கம்பத்தில் மூன்று, நான்கு பலகைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே சிவப்பு எழுத்தில் மாலை 4 முதல் 7 வரை நிற்கக் கூடாது, வண்டி டோ செய்யப்படும் (இழுத்துச் செல்லப்படும்) என்று இருக்கும். அதன் கீழே செவ்வாய்க்கிழமை காலை தெருக் கூட்டும் நேரம். அதற்கும் கீழே பச்சை எழுத்தில் 2 மணி நேரப் பார்க்கிங். கண் முதலில் போவது நமக்குச் சாதகமான பச்சைப் பலகைக்குத்தான். மேலிருந்து கீழே படியுங்கள். ஒன்றோடு ஒன்று மோதினால் கடுமையாக இருப்பதே செல்லும் என்று எடுத்துக்கொண்டால் பிழைத்தீர்கள். அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் அந்தப் பலகை பேசும்.

தெருக் கூட்டும் நாள், டிக்கெட்டுகளின் அட்சய பாத்திரம். தெருவின் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள், எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு நாள் என்று இருக்கும். உறவினர் வீட்டுக்கு இரவில் வந்து தங்குபவர்கள் மறுநாள் காலை எட்டு மணிக்கு என்ன என்பதை இரவே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் மீட்டர். கெர்ப் நிறம் அனுமதித்தாலும் மீட்டர் இருந்தால் காசு தனி.

நான்காம் படி: நிறமே இல்லாத கெர்ப்

தீயணைப்பு ஹைட்ரண்ட், அதாவது தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் எடுக்கும் சாலையோரக் குழாய். அதன் இரண்டு பக்கமும் 15 அடி, கிட்டத்தட்ட நாலரை மீட்டர், காலியாக இருக்க வேண்டும். கெர்ப்பில் சிவப்பு அடித்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உரிமம் உள்ள ஓட்டுநர் முன் இருக்கையில், வண்டியை உடனே எடுக்கத் தயாராக இருந்தால் இங்கே மட்டும் சட்டம் விலக்கு தருகிறது. முதல் படியில் சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. ஆனால் அங்கே சிவப்பும் அடித்திருந்தால் சிவப்பின் விதிதான்.

நடைபாதைக் கடவை, அதாவது நடந்து போகிறவர்கள் சாலையைக் கடக்கும் இடம். இந்த விதி புதுசு, பலருக்கு இன்னும் தெரியாது. ஃப்ரீமான்ட், மில்பிடாஸ் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர் அலெக்ஸ் லீ கொண்டுவந்த ஏபி 413 என்ற சட்டம் 2023-இல் நிறைவேறியது. 2024 முழுவதும் எச்சரிக்கை மட்டும் என்று விட்டுவிட்டு, 2025 ஜனவரி 1 முதல் டிக்கெட் என்று வைத்தார்கள். கடவையை நோக்கி வண்டிகள் வரும் பக்கத்தில் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது. கெர்ப்பை வெளியே நீட்டிக் கட்டியிருக்கும் இடமானால் 15 அடி. 20 அடி என்றால் ஒரு கார் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

காரணம் நியாயமானது. மூலையை ஒட்டி ஒரு எஸ்யுவி நின்றால், கடக்கக் காலெடுத்து வைக்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குப் படாது; ஓட்டுநர் வருவது குழந்தைக்கும் தெரியாது. சிக்கல் எங்கே என்றால், சட்டம் கோடு போட்ட கடவைக்கு மட்டும் அல்ல, கோடு போடாத கடவைக்கும் பொருந்தும். கலிஃபோர்னியாவில் இரண்டு தெருக்கள் ஏறக்குறைய செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில், நடைபாதை தொடர்ந்து போவதாகக் கற்பனை செய்தால் வரும் பாதையே கடவைதான், கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே குடியிருப்புப் பகுதியின் அமைதியான மூலையிலும் இது செல்லும். பத்து வருடமாக அங்கேதான் நிறுத்துகிறேன் என்பவர்களுக்கும் சேர்த்துத்தான். சில ஊர்கள் தூரத்தை மாற்றி வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி மாற்றினால் அந்த இடத்தில் பெயின்ட்டோ பலகையோ இருக்கும். எதுவுமே இல்லாவிட்டால் ஒரு கார் நீளம் விட்டுவிட்டு, அதற்கும் கொஞ்சம் பின்னால் நிறுத்துங்கள்.

மற்றவை சுருக்கமாக: டிரைவ்வேயை மறிக்கக் கூடாது, நடைபாதையில் ஏற்றக் கூடாது, தீயணைப்பு நிலைய வாசலிலிருந்து 15 அடி தள்ளி நிற்க வேண்டும். பல ஊர்களில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் வண்டியை அசைக்காமல் விட்டால் டோ செய்யலாம். டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் வண்டியைத் தெருவில் விட்டுப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதும் விதிதான்

வலப்பக்கச் சக்கரங்கள் கெர்ப்பிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று குறுக்கே போய், போக்குவரத்துக்கு எதிர்முகமாக நிறுத்துவது நம்மூரில் சகஜம்; இங்கே இருவழித் தெருவில் அதற்கு டிக்கெட் உண்டு.

சான் பிரான்சிஸ்கோவில் இன்னொன்று: சரிவு 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன் சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். 3 சதவீதம் என்பது 100 அடிக்கு 3 அடி, பார்த்தால் சமதரை மாதிரியே தோன்றும். இறக்கத்தில் நிறுத்தினால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம், கெர்ப்பை நோக்கி ஒடியுங்கள். ஏற்றத்தில் இடப்பக்கம் ஒடித்து, முன் சக்கரத்தின் பின்பகுதி கெர்ப்பைத் தொடும்வரை மெதுவாகப் பின்னால் விடுங்கள். பிரேக் நழுவினாலும் வண்டி கெர்ப்பில் முட்டி நின்றுவிடும். ஏற்றத்தில் கெர்ப் இல்லாத இடமானால் வலப்பக்கம்.

மாநில எல்லை தாண்டினால் இந்தப் பாடம் அப்படியே செல்லாது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் மஞ்சள் கெர்ப் என்றால் நிறுத்தக் கூடாது. நியூயார்க் நகரத்தில் கம்பத்தில் உள்ள பலகையைத்தான் நம்ப வேண்டும், கெர்ப் பெயின்ட்டை அல்ல. ஹைட்ரண்டுக்கு அங்கேயும் 15 அடிதான், பெயின்ட் இருக்காது.

ஆறாம் படி: டிக்கெட் வந்துவிட்டால்

பார்க்கிங் டிக்கெட்டால் உரிமத்தில் புள்ளி ஏறாது. ஆனால் கட்டாமல் விட்டால் அபராதம் கூடும். வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கப் போகும்போது டிஎம்வி அந்தப் பாக்கியைக் கேட்கும். டிக்கெட் வண்டியின் உரிமையாளர் பெயருக்குப் போகும். வாடகைக் கார் என்றால் கம்பெனி அதைக் கட்டிவிட்டு, தன் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே விடுமுறைப் பயணத்தில் வந்த டிக்கெட்டைக் குப்பையில் போடாமல் நீங்களே ஆன்லைனில் கட்டிவிடுவது மலிவு.

தப்பு உங்களுடையது இல்லை என்று நினைத்தால், வண்டியை எடுப்பதற்கு முன்பே போட்டோ எடுங்கள். உதிர்ந்த பெயின்ட், மரக்கிளை மறைத்த பலகை, கெர்ப்புக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளி, கம்பம் இருக்கும் தூரம் எல்லாம் ஒரே படத்தில் வருகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று, அருகில் போய் ஒன்று. டிக்கெட் எழுதிய நாளிலிருந்து 21 நாளுக்குள், கட்டவில்லை என்று தபாலில் நோட்டீஸ் வந்துவிட்டால் அதிலிருந்து 14 நாளுக்குள், டிக்கெட் கொடுத்த அலுவலகத்திடமே மறு ஆய்வு கேட்கலாம். இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. "அவசரம், குழந்தை அழுதது" என்றெல்லாம் நீட்டி எழுதுவதைவிட, போட்டோவோடு நான்கு வரி எழுதுவது எடுபடும். மறுத்துவிட்டால், அந்தப் பதில் தபாலில் போட்ட 21 நாளுக்குள் நிர்வாக விசாரணை கேட்கலாம். பொதுவாக அபராதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் இதைக் கேட்க வேண்டும்; ஜெயித்தால் திருப்பித் தருவார்கள். அங்கேயும் தோற்றால் 30 நாளுக்குள் மாவட்டத்தின் சுப்பீரியர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் 25 டாலர். ஜெயித்தால் அந்த 25-உம் திரும்ப வரும்.